கத்தியின் முதுகில் பல் எதற்கு?

சென்ற மாதம் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த என் அக்காள் மகன், குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தோலுறையிலிருந்து ஒரு கத்தியை உருவி என் கையில் தந்தான். மடக்கும் வகையன்று, அலகும் பிடியும் அசையாமல் நிலைத்திருக்கும் வகை. அலகு பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், மேலே கறுப்புப் பூச்சு. முதுகில் ரம்பம் போன்ற பற்கள் இருந்தன. பக்கவாட்டில் நீளமாக ஓர் ஓடை ஓடியது. வெட்டும் விளிம்பான வாய் தொடங்கும் இடத்தில் அரைவட்டமாக ஒரு குழியும், பெருவிரல் படியும் இடத்தில் குறுக்குக் கீறல்களும், பிடியின் முடிவில் ஒரு துளையும் இருந்தன. "மாமா, பாக்க நல்லாயிருக்குண்ணு வாங்கிட்டேன். இதுல இருக்கியதெல்லாம் எதுக்குண்ணு எனக்குத் தெரியாது" என்றான்.

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். அதற்கு முன்பே, சொந்த ரப்பர்த் தோட்டத்தில் தாமே பால் வெட்டிய ஒருவரின் மகன். ஆகவே இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், வீட்டுக்குள் போய் அப்பாவின் பால்வெட்டுக் கத்தியையும், பரணில் கிடந்த கருக்கரிவாளையும், வெட்டோத்தி என்று நாங்கள் சொல்லும், அன்றாடம் புழங்கும் வெட்டுக்கத்தியையும் எடுத்து வந்து அவன் கத்திக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். இந்த மூன்றில் ஒன்றுகூடக் குழந்தை வரையும் கத்தியைப் போல நேராக இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் மடிப்புக்கும் ஒரு வேலை இருந்தது, அந்த வேலை இந்த மண்ணிலேயே இருந்தது. புதிதாக வந்த ஒரு கத்தியின் விந்தைகளை எடை போடுவதற்கு, வேலை தெரிந்த இந்தப் பழைய கத்திகளைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

பால்வெட்டுக் கத்தியைப் பார்த்திராதவர்கள் அதைக் கத்தி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு நீண்ட தண்டின் முனை தட்டையாக்கப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தை மடிப்பதுபோல நெடுக்கில் மடிக்கப்பட்டிருக்கும். குறுக்காகப் பார்த்தால் ஆங்கில வி எழுத்தின் வடிவம். ரப்பர் வாரியத்தின் பயிற்சிகளில் பேசப்படும் மிச்சி கோலெட்ஜ் கத்தியானாலும், மலேசியாவில் பரவலாக வழங்கும் ஜெபோங் கத்தியானாலும், அடிப்படைக் கருத்து இந்த மடிப்புத்தான். அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளப் பட்டைக்குள் போக வேண்டும். ரப்பர் மரத்தின் பால், கட்டைக்குள் இல்லை. பட்டையில், அதுவும் கட்டைக்கும் பட்டைக்கும் இடையே மரம் வளரும் மெல்லிய அடுக்கான வளர்படலத்தை ஒட்டிய மென்பட்டையில்தான் பால்குழாய்கள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. நிறையப் பால் வேண்டுமென்றால் வளர்படலத்துக்கு மிக அருகில் போக வேண்டும். ஆனால் அதைத் தொட்டுவிடக் கூடாது, ஏறத்தாழ 1 மில்லிமீட்டராவது மிச்சம் விட வேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடத்தில் காயம் ஆறி, பட்டை முண்டும் முடிச்சுமாகத் திரும்ப வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வெட்ட வரும்போது கத்தி அங்கே ஒழுங்காக ஓடாது. மடிப்பின் ஒரு பக்கம் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவுகிறது, மறு பக்கம் பால் ஓடுவதற்கான சிறு வாய்க்காலைத் திறந்துகொடுக்கிறது, மடிப்பின் மூலை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அளந்து நிறுத்துகிறது. மூன்று வேலைகளை ஒரே இழுப்பில் செய்ய ஒரு தட்டை அலகினால் முடியாது.

வெட்டின் சாய்வையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். பால்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல், கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் நோக்கிச் சில பாகை சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் ஒரே நீளத்தில் கூடுதல் குழாய்கள் அறுபடும். ஒட்டுக்கன்றிலிருந்து வளர்ந்த மரத்துக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு. அப்பா பாகைமானியைக் கையால் தொட்டவரல்லர். ஆனால் தகட்டில் செய்த ஓர் அளவுச்சட்டத்தை மரத்தில் ஒட்டிவைத்துக் கோடு கிழித்த பிறகே புது மரத்தில் கத்தி வைப்பார். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டப் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தில் புதிது புதிதாகக் காயம் போடாமல் ஒரே வெட்டை மறுபடி மறுபடி மெல்லச் சீவித் திறக்கும் முறையை நிறுவினார். அதற்கு முன் பிரேசிலில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்துவது சீவுவதாக மாறியபோது, கோடரி போய் இந்த மடிந்த கத்தி வந்தது.

அப்பாவின் கத்தியில் இன்னொன்றையும் மருமகனுக்குக் காட்டினேன். மரப்பிடியின்மீது பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி நெருக்கமாகச் சுற்றியிருந்தார். விடியும் முன்னே, பனி ஈரத்தில், பால் பட்டுக் கை வழுக்கும்போது அந்தச் சுற்றுத்தான் பிடியைக் கையில் நிறுத்தியது. அவன் கத்தியின் முதுகில் பெருவிரல் படியும் இடத்தில் உள்ள குறுக்குக் கீறல்களும் அதே காரியத்துக்கானவை. வழுக்கும் கையால் நுட்பமாக அழுத்த வேண்டிய இடத்தில் விரலுக்கு ஒரு கொழுகொம்பு. அந்தக் கீறல்களை நான் மனமார ஏற்கிறேன். விளிம்பு மழுக்கப்படாமல் இருந்தால் மட்டும், அரை மணி நேர வேலைக்குள் விரல் தோலை உரித்துவிடும்.

அடுத்து கருக்கரிவாள். நாஞ்சில் நாட்டு வயல்களில் கதிர் அறுத்த அரிவாள் இது. அதன் உள்வளைவில் நெருக்கமாகச் சின்னச் சின்னப் பற்கள். பனைமட்டையின் ஓரத்தில் இருக்கும் ரம்பப் பல்லுக்குக் கருக்கு என்று பெயர். அதே பெயரை அரிவாளின் பல்லுக்கும் வைத்தவர்கள் இரண்டையும் கையால் தடவிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வைக்கோலில் மணற்சத்து மிகுதி. மழமழப்பான வாய் அதில் விரைவில் மழுங்கும், வழுக்கவும் செய்யும். பல் இருந்தால் தாள் நழுவாமல் பிடிபடும். தேய்வதெல்லாம் பல்லின் நுனிதான், இரண்டு பல்லுக்கு இடையிலான குழிவில் கூர்மை நெடுநாள் தங்கும். இழுத்து அறுக்கும் கருவியாதலால் பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும், தள்ளினால் அறுக்காது. ரொட்டி வெட்டும் கத்தியிலும், நைலான் கயிறு அறுக்கும் கத்திகளிலும் இருக்கும் அலைவாய் இதே கணக்கில் அமைந்தது.

மருமகன் கத்தியின் முதுகுப் பல்லுக்கு வருவோம். இதன் வரலாற்றைத் தேடிப் போனால் உண்மையான வேலை செய்த இரண்டு மூதாதையர் கிடைக்கிறார்கள். ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியப் படைகளில் பாதை அமைக்கும் வீரர்களுக்குத் தரப்பட்ட, முதுகில் ரம்பம் வைத்த நீண்ட பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), மரம் அறுப்பதற்கானது. இன்னொன்று, 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க விமானிகளுக்கு வழங்கப்பட்ட உயிர்காப்புக் கத்தி. அதன் பற்கள் மரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. விழுந்த விமானத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால் அலுமினியத் தோலைக் கிழித்து வெளியே வருவதற்காக வைக்கப்பட்டவை. அந்தக் கத்தியில், பிடிக்கும் அலகுக்கும் இடையே குறுக்காக நின்று விரலைக் காக்கும் காவல்தண்டில் இரண்டு துளைகள் உண்டு, ஒரு கம்பில் வைத்துக் கட்டி ஈட்டியாக்கிக்கொள்வதற்கு. பிடியின் அடி கனத்த இரும்பு, சுத்தியலாக அடிப்பதற்கு. ஒவ்வொரு விந்தைக்கும் ஒரு விபத்தை முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

விமானம் போய்ப் பல் மட்டும் மிஞ்சிய கத்திதான் இப்போது கடைகளில் விற்கிறது. மரம் அறுக்கும் ரம்பத்தில் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாக விலக்கப்பட்டிருக்கும். அறுத்த வழி அலகைவிட அகலமாக இருந்தால்தான் ரம்பம் சிக்காமல் ஓடும். இந்தக் கத்தியின் பற்களுக்கு விலக்கம் இல்லை. முதுகை ஒட்டிய பகுதி ஒரே தடிமனில் கீழே இறங்குகிறது. பல் வரிசையின் நீளமோ ஏழு சென்டிமீட்டர். முற்றத்தில் கிடந்த கைப்பெருவிரல் தடிமனுள்ள ரப்பர்க் கம்பில் வைத்து அவனே அறுத்துப் பார்த்தான். அரை அங்குலம்கூடப் போகாமல் கத்தி இறுகி நின்றது. பிறகு காய்ந்த தென்னை மட்டையைப் பிளப்பதற்காகக் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் தட்டினான். பற்கள் கட்டையைக் கடித்துத் துப்பினவே தவிர, அடி முழுவதும் அலகுக்குள் இறங்கவில்லை. முதுகு தட்டையாக இருப்பதே ஒரு வசதி என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது. வெட்டோத்தியின் முதுகில் எத்தனையோ ஆண்டுகளாகக் கல்லும் கட்டையும் தட்டிய தழும்புகள் இருக்கின்றன.

பக்கவாட்டில் ஓடும் ஓடையைப் பற்றித்தான் மிகப் பெரிய கட்டுக்கதை உலவுகிறது. இரத்தம் வடிவதற்காக, உடலிலிருந்து கத்தியை எளிதாக உருவுவதற்காக என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஓடையே இல்லாத கத்தியை இறைச்சிக் கடைக்காரர் நாள் முழுவதும் குத்தி உருவிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் இதை நம்பக் கூடாது. ஓடையின் வேலை எடையைக் குறைப்பது, விறைப்பை இழக்காமல் குறைப்பது. ஒரு பட்டையை வளைக்கும்போது இழுவையும் அழுத்தமும் வெளிப்புறங்களில்தான் மிகுதி. நடுப்பகுதி குறைவாகவே பாரம் சுமக்கிறது. ரயில் தண்டவாளமும் கட்டடங்களில் போடும் இரும்புத் தூலமும் நடுவில் ஒடுங்கியிருப்பது இதனால்தான். நீண்ட வாளில் இது பெரிய மிச்சம். கொல்லன் ஓடையைச் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது உள்ளே இருந்த இரும்பு பக்கவாட்டில் பரவுவதால், அதே அளவு இரும்பில் அகலமான அலகும் கிடைக்கும். மருமகனின் கத்தியில் ஓடை பத்து சென்டிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம், ஆழம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மிச்சமாவது நாலைந்து கிராம். ஓடை ஒரு நல்ல யோசனை, ஆனால் இந்த நீளத்தில் அதற்கு வேலை இல்லை.

வாய் தொடங்கும் இடத்தில் உள்ள அரைவட்டக் குழியை அவன் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தான். உண்மையில் அந்தக் கத்தியிலேயே மிகவும் யோசித்து வைத்த பகுதி அதுதான். தீட்டுகல்லில் கத்தியை இழுக்கும்போது, பிடிக்குப் பக்கத்தில் வாயும் தடித்த பகுதியும் கூடும் இடத்தில் கல் முட்டும். அங்கே ஒரு சிறு துண்டு எப்போதும் தீட்டுப்படாமல் நிற்கும். ஆண்டுகள் போகப்போக மற்ற இடம் தேய்ந்து அந்தத் துண்டு மட்டும் பல்லாகத் துருத்தும். குழி இருந்தால் வாய் ஒரு தெளிவான முடிவில் முடிகிறது, கல் கடைசிவரை ஓடுகிறது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவரின் வீட்டில் பார்த்த, கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியிலும் பிடிக்கு அருகே ஒரு வெட்டு உண்டு. அதைப் பசுவின் குளம்பு என்றும் சிவனின் சூலம் என்றும் நேபாளத்தில் சொல்வதுண்டு; அந்த வழிபாட்டுப் பொருளை நான் மதிக்கிறேன், தீட்டுகல்லில் அதை இழுத்துப் பார்த்தவனாகையால் கல் அங்கே ஒழுங்காக முடிவதையும் அறிவேன். இதற்கு மாறாக, பின்லாந்தின் புக்கோ கத்தியிலும் சுவீடனின் மோரா கத்தியிலும் குழி கிடையாது, பெரும்பாலானவற்றில் காவல்தண்டும் கிடையாது; மரம் செதுக்குபவருக்குக் கைக்கு மிக அருகில் இருக்கும் வாயில்தான் பலம் முழுவதும் இறங்கும், அந்த ஒரு சென்டிமீட்டரை அவர் குழிக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். குழியில் நார் சிக்கும் என்ற குறையும் உண்டு. பாக்குமட்டை நாரைக் கிழித்தபோது இரண்டு முறை சிக்கியது.

துளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிடியின் முடிவில் உள்ள துளை கயிறு கோப்பதற்கு. கொளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் கடலுக்குப் போகிறவரின் கத்தி கை தவறினால் திரும்பக் கிடைக்காது. அலகிலேயே துளை இருக்கும் கத்திகளும் உண்டு. 1959இல் வந்த சோவியத் ஏகேஎம் துப்பாக்கியின் பயனெட்டில், அலகின் துளையை உறையின் நுனியிலுள்ள முளையில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து முள்கம்பியை வெட்டும் கத்தரியாகிவிடும். இன்றுவரை நான் அறிந்த கத்தித் துளைகளில் மிக நேர்த்தியான யோசனை இதுவே.

மறுநாள் இருவரும் திற்பரப்புச் சாலையில் உள்ள கொல்லப்பட்டறைக்குப் போனோம். ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் கத்தியை வாங்கி முதலில் வாயைப் பார்க்கவில்லை. ஒரு விரல்மேல் வைத்துச் சமநிலை எங்கே நிற்கிறது என்று பார்த்தார், பிறகு பட்டடையில் லேசாகத் தட்டி ஓசை கேட்டார், அதன் பிறகு உறையைக் கேட்டு வாங்கி உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "பல்லு உறையைக் கடிச்சு வச்சிருக்கு, பாத்தியளா சாரே" என்றார். தோலின் உள்தையல் நெடுகப் பிய்ந்திருந்தது. ஒவ்வொரு முறை உருவும்போதும் பல் தையலைத் தின்றிருக்கிறது. கொஞ்ச நாளில் உறை பிளந்து கத்தி தொடையில் இறங்கியிருக்கும்.

இதே ஆசாரியிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஏதோ ஒரு பத்திரிகைப் படத்தில் கண்டதை வைத்து, வேலிக் கம்பியை வளைப்பதற்காக வெட்டோத்தியின் முதுகில் ஒரு சதுர வெட்டு வைத்துத் தரச் சொன்னேன். "மூலை வச்சா கீறும் சாரே, வேணும்னா உருட்டி வச்சுத் தாறேன்" என்றார். கம்பி சதுரத்தில்தான் நிற்கும் என்று நான் வற்புறுத்தினேன். மூன்றாவது வாரம், காய்ந்த பலாக் கொம்பை ஓங்கி வெட்டியபோது அலகு அந்த மூலையில் இரண்டாக முறிந்து, முன்துண்டு என் தோளுக்கு மேலே பறந்து மண்ணில் குத்தி நின்றது. உட்புற மூலை கூர்மையாக இருந்தால் விசை அங்கே வந்து குவியும் என்பதை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான். 1954இல் இரண்டு கோமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கு, உடலில் வைத்த சதுரத் திறப்புகளின் மூலைகளை ஒட்டித் தோன்றிய உலோகச் சோர்வுக் கீறல்கள் காரணமாயின என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கத்தியில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் வைக்கும்போது மெல்லிய இடமும் தடித்த இடமும் வெவ்வேறு வேகத்தில் குளிர்கின்றன, மூலையில் அந்த இழுபறி கண்ணுக்குத் தெரியாத கீறலாகத் தங்கிவிடுகிறது. முறிந்த முகத்தை ஆசாரி எனக்குக் காட்டினார். மூலையை ஒட்டி ஒரு நகக்கண் அளவு கறுத்திருந்தது. முறிவதற்கு முன்பே, தோய்ச்சலின்போதே, அது கீறியிருந்தது. மருமகனின் கத்தியில் ஒவ்வொரு பல்லின் அடியிலும் அப்படி ஒரு மூலை இருக்கிறது. அரைவட்டக் குழி ஏன் அரைவட்டமாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

ஆசாரி தம் வெட்டோத்திகளில் ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தார். லாரியின் வில்பட்டையில் அடித்தது. நுனி உள்நோக்கிக் கொக்கு மூக்காக வளைந்திருக்கும். தரையை ஒட்டிச் செடி வெட்டும்போது முதலில் கல்லில் படுவது அந்த மூக்கு, வாய்க்குச் சேதம் வராது. வெட்டிய கொம்பைக் கொளுவி இழுக்கவும் அதுவே கை. கனம் முன்பக்கம் கூடியிருப்பதால் வீச்சின் முடிவில் கருவியே வெட்டிக்கொள்ளும். பிடிக்குள் போகும் வாலைச் சூடேற்றி மரத்தில் அழுத்தி எரித்து இறக்கி, உருக்கிய அரக்கை ஊற்றி, மரம் பிளக்காமல் இருக்கப் பிடியின் வாயில் இரும்புப் பூண் போட்டிருந்தார். பிடியின் அடி சற்றே புடைத்துக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. வியர்த்த கையிலிருந்து கருவி நழுவிப் பறக்காமல் சுண்டுவிரலில் அது வந்து தங்கும்.

மருமகன் நெடுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் கத்தியின் அளவிலேயே தனக்கொன்று அடித்துத் தர முடியுமா என்று கேட்டான். பல் வேண்டாம், ஓடை வேண்டாம், முதுகு தட்டையாக இருக்கட்டும், குழி மட்டும் சிறிதாக வேண்டும் என்றான். ஆசாரி மறுப்புச் சொல்லாமல், கூரையில் செருகியிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அவன் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, சுண்டுவிரலடியிலிருந்து சுட்டுவிரலடி வரை வைத்து அளந்து, அதன்மேல் ஒரு விரற்கடை கூட்டி ஒடித்தார். ஒடித்த ஈர்க்கைத் திரும்பக் கூரையில் செருகிவிட்டு உலையின் துருத்தியைப் போட்டார்.